ஆறு பேர் வெளியே, ஆறு பேர் உள்ளே

எங்கள் பக்கத்தில் பெண்ணை எடுத்த எடுப்பில் வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார்கள். ஏதாவது ஒரு பொது இடத்தில், தற்செயலாகச் சந்தித்ததுபோல இரண்டு குடும்பமும் சந்திக்கும். "அட, நீங்களும் வந்திருக்கறீங்களா" என்று ஒருவர் சொல்ல வேண்டும். "ஆமாங்க, புள்ளைங்க கேட்டாங்க" என்று மற்றவர் சொல்ல வேண்டும். பிடித்திருந்தால் அப்புறம் முறைப்படி வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால், தற்செயலாகப் பார்த்தது அப்படியே போய்விடும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

வழக்கமாக அது கோயிலாக இருக்கும். எனக்கு ஆறுச்சாமி மாமா தீம் பார்க்கைப் பிடித்தார்.

"கோயில்ல பாத்தா ஊரே பாக்கும் மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார். "அங்க ஆயிரம் பேர்ல நம்மள யாரு கண்டா. அவங்களும் பேத்திகளைக் கூட்டிட்டு அங்கதான் போறாங்களாம். பையனுக்கு ஓணத்துக்கு மட்டுந்தான் லீவு."

பையன் பெயர் தரணிகுமார். வேலந்தாவளத்துக்காரர். சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். போட்டோவில் சிரிக்கவில்லை. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

எனக்கு முன்பே இரண்டு முறை இப்படி நடந்திருக்கிறது. இரண்டு முறையும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படியோ இரண்டும் தானாக நின்றுபோயின. இந்த முறை அப்பா முந்தின நாளே சொல்லிவிட்டார்.

"இவிங்க நல்ல மனுசங்க கண்ணு. நாளைக்குப் பொழுதோட அவங்களுக்குப் பதில் சொல்லோணும். உனக்கு ஒத்துவராதுன்னா அதுக்குள்ள சொல்லீரு. அப்பறம் சொன்னா நல்லாருக்காது."

எதை வைத்துச் சொல்வது என்று நான் கேட்கவில்லை. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியின் லேபில் தண்ணீர் சோதிக்கும் வேலை எனக்கு. சித்தூர் காலேஜில் கெமிஸ்ட்ரி முடித்து, ஒரு வருடம் அலைந்து கிடைத்தது. சின்னக்கானலுக்குப் போனால் அந்த வேலை என்ன ஆகும் என்று அவரிடம் கேட்க வேண்டும். அதைவிடவும், அப்படி ஒன்றைக் கேட்கும் அளவுக்கு இந்த ஆளோடு என்னால் பேச முடியுமா என்று தெரிய வேண்டும். பேச முடியாத ஒருவரோடு மலைமேல் போய் என்ன செய்வேன். பெரியவர்கள் பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது இதையெல்லாம் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அதற்கு முன்பே கிளம்பிப் போய் உள்ளே நுழைந்துவிட்டார்கள். நாங்களும் அப்படிக் கிளம்பியிருக்கலாம். "பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னாடியே போயி நின்னா அலையற மாதிரி ஆயிரும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் பன்னிரண்டு எப்போது ஆகும் என்று காரைத் துடைத்துத் துடைத்துக் காத்திருந்தோம். மூன்று மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும். அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

மௌனிகா, என் சித்தி மகள், முந்தின நாளே போனில் டிக்கெட் போட்டுவிடலாம் என்று சொன்னாள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

"முன்னாடியே டிக்கெட்டுப் போட்டா அப்பறம் அது எப்படித் தற்செயலு?"

பார்க் வாசலில் போய் இறங்கியபோது டிக்கெட் கவுன்டர் சாத்தியிருந்தது. அதன்மேல் ஹவுஸ்ஃபுல் பலகை. ஓணம் விடுமுறையில் பாலக்காடும் கோயம்புத்தூரும் சேர்ந்து அங்கே வந்திருந்தன. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஒரு வரிசை, பார்க்கிங்வரை நீண்டு, தென்னந்தோப்பு வேலியோடு வளைந்து நின்றது. ஒரு பீக்கர் தண்ணீரில் உப்பு ஓரளவுக்குத்தான் கரையும். அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் அடியில்தான் நிற்கும். நாங்கள் அடியில் நின்றோம்.

கேட்டில் இருந்தவர் பெயர் ஷிஜு. சட்டைப் பையில் பெயர் தைத்திருந்தது. ஒரு கையில் வாக்கிடாக்கி, இன்னொரு கையில் விசில்.

"உள்ள ஆளு ஃபுல் ஆயி சேட்டா" என்று மாமாவிடம் சொன்னார். "இதுக்கு மேல விட்டா ஞங்களுக்குப் பிரச்சனம். வெளிய எத்தர பேர் வருதோ, அத்தர பேர் உள்ள. டிக்கெட்டு அப்பத்தான் தரும்."

"யாரு வெளிய வருவாங்க இந்நேரத்துல?"

"குட்டிகள் கரைஞ்சா வரும்."

உள்ளே எந்தக் குழந்தையும் அழுவதாகத் தெரியவில்லை. மதில் தாண்டிச் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. பெரிய ராட்டினத்தின் மேல் பாதி மட்டும் தெரிந்தது.

வரிசை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. அம்மா என் நெற்றியை மூன்று முறை துடைத்துவிட்டாள். அத்தை, மாமாவின் மனைவி, சாப்பாட்டுப் பாத்திரங்களைக் காரிலேயே வைத்துவிட்டு வந்த கவலையில் இருந்தாள். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்களாம். ஒருவழியாக நாங்கள் வரிசையின் தலைக்கு வந்தபோது மணி இரண்டை நெருங்கியிருந்தது. மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. தற்செயலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா பொங்கியண்ணனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"ஏனுங்க, ஒரு தகவலுக்குத்தானுங்க. நாங்க சும்மா இந்தப் பக்கமா வந்தமுங்க. கேட்டுல விட மாட்டேங்கறாங்க."

"அடடா, வெயில்லயா நிக்கறீங்க?" என்றது அந்தப் பக்கம். "அது முறையில்லீங்களே. உங்கள வெளிய நிக்க வெச்சுட்டு நாங்க உள்ள ஆடீட்டு இருக்கறதுங்களா. இருங்க."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்க, சும்மா சொன்னனுங்க."

"இருங்கங்கறேன்."

போன் வைக்கப்பட்டது. மாமா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "ஏதோ ஆபீசுல சொல்லி ஏற்பாடு பண்றாரு மச்சான். செல்வாக்கான மனுசன்."

கொஞ்ச நேரத்தில் ஷிஜுவின் வாக்கிடாக்கி கரகரத்தது. அவர் எங்களை எண்ணிப் பார்த்தார்.

"ஒரு ஃபேமிலி வெளிய போயி. ஆறு பேரு. நிங்களும் ஆறு பேரல்லே? வேகம் வா."

மாமா எங்களைத் தள்ளாத குறையாக உள்ளே அனுப்பினார். டிக்கெட் கொடுத்து, கையில் ஆளுக்கொரு பச்சைக் காகிதப் பட்டை ஒட்டினார்கள். உள்ளே தண்ணீர், பாட்டு, ஈரத் துணியோடு ஓடும் குழந்தைகள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி போன் செய்தார்.

"வந்துட்டமுங்க. நீங்க எந்தப் பக்கம் இருக்கறீங்க?"

"நாங்களும் வந்துட்டமுங்க" என்றார் பொங்கியண்ணன். "உங்க காரு எதுங்க? வெள்ளையா, சிவப்பா?"

மாமா போனைக் கையில் திருப்பிப் பார்த்தார். அப்பா அவர் கையிலிருந்து போனை வாங்கினார்.

"நீங்க எங்கீங்க இருக்கறீங்க?"

"வெளியதானுங்க. பார்க்கிங்ல. அந்தப் பக்கத்து கேட்டு வழியா எல்லாரும் வந்துட்டோம். பட்டையக்கூட அறுத்துட்டாங்க. நீங்க எங்கீங்க?"

வெளியே போன அந்த ஆறு பேர் யார் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. மௌனிகா என் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கினாள். அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

அடுத்து நடந்ததும் மரியாதையால்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை வெயிலில் நிறுத்திவிட்டு நாம் உள்ளே நிற்பதா என்று அப்பா கேட்டார். அது நம் குடும்பத்துக்கு ஆகாது என்றாள் அம்மா. போய்க் கையோடு அழைத்துவருவது என்று முடிவாயிற்று.

"வெளிய போனா திரிச்சு வந்து லைன்ல நிக்கணும்" என்றார் ஷிஜு.

"அஞ்சே நிமிசம் தம்பி" என்றார் மாமா. "நீங்க பாத்துக்குவீங்க, எனக்குத் தெரியாதா."

அப்பா எங்களிடம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் அந்த ராட்டினத்துகிட்ட நிழல்ல நில்லுங்க கண்ணு. அலையாதீங்க. அவங்களைக் கூட்டிட்டு வந்தர்றோம்."

நான்கு பெரியவர்களும் வெளியே போனார்கள். அவர்கள் பட்டையும் அறுக்கப்பட்டது. அந்த நான்கு இடத்துக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பம் உள்ளே நுழைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். முன்னால் வந்த பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

மௌனிகாவும் நானும் ராட்டினத்தடியில் நின்றோம். அங்கேயும் ஒரு வரிசை, தகரக் கூரைக்குக் கீழே பாம்புபோல மடிந்து மடிந்து. அவர்கள் திரும்பி உள்ளே வருவதற்குள் எமகண்டம் வந்துவிடும். அப்புறம் வாசலில் நின்று ஒரு கும்பிடு, அவ்வளவுதான். பொழுதோடு அப்பா கேட்பார். நான் தரையைப் பார்ப்பேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"அக்கா" என்றாள் மௌனிகா. "அங்க பாரு. போட்டோ."

"என்ன போட்டோ?"

"உன்ற போட்டோ. நிக்குது பாரு, கையில செருப்போட."

வரிசையின் நடுவில் ஒருவர் நின்றிருந்தார். ஒரு கையில் சின்னக் குழந்தையின் ரோஸ் நிறச் செருப்பு. தோளில் பூனை படம் போட்ட பை. பின்னால் வருபவர்களையெல்லாம் "நீங்க போங்க, நீங்க முன்னாடி போங்க" என்று அனுப்பிக்கொண்டு, அவர் மட்டும் அதே இடத்தில் நின்றார். போட்டோவில் இருந்த அதே சிரிக்காத முகம்.

மௌனிகா என்னை இழுத்துக்கொண்டுபோய் வரிசையில் நுழைத்தாள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களையும் அவர் முன்னே அனுப்பியதால், சீக்கிரத்தில் அவருக்கு நேர் பின்னால் நாங்கள்தான்.

"நீங்க முன்னாடி போங்க" என்று திரும்பினார். அப்புறம் வாய் அப்படியே நின்றது. அவருக்கும் என் போட்டோ போயிருந்தது.

யாராவது பேச வேண்டும். மௌனிகா மேலே தகரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவர் வாயைத் திறக்கிற மாதிரி இல்லை. அவருக்கு ஒரு செய்தி தெரியவில்லை, எனக்குத் தெரியும். அது ஒன்றுதான் எனக்குத் தைரியம்.

"உங்க ஊட்டுல எல்லாரும் வெளிய போயிட்டாங்க" என்றேன்.

"எங்க?"

"பார்க்கிங்குக்கு. எங்க ஊட்டுல எல்லாரும் உள்ள வந்தாங்க. இப்ப அவங்களும் வெளிய போயிட்டாங்க."

அவர் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அக்கா பொண்ணைப் பாத்ரூம் கூட்டிட்டுப் போனாங்க. எடத்தைப் புடிச்சு வைன்னாங்க. நான் புடிச்சுட்டு நிக்கறேன்."

"போன் பண்ணலீங்களா?"

"போனு அக்கா பையில. தண்ணி படும்னு வாங்கி வெச்சுட்டாங்க."

அப்பா சொல்லியிருப்பார் என்று அக்காவும், அக்கா சொல்லியிருப்பாள் என்று அப்பாவும் நினைத்திருக்க வேண்டும். நான் என் போனைக் கொடுத்தேன். அவர் அம்மாவுக்கு அடித்தார். கமலாத்தாளின் குரல் எனக்கே கேட்டது.

"எங்கடா போன? நீ பின்னால வர்றீன்னு இங்க எல்லாரும் உக்காந்திருக்கறோம். இது யாரு போனு?"

அவர் என்னைப் பார்த்தார். "பக்கத்துல லைன்ல நிக்கறவங்களுதுங்கம்மா."

"சரி, அங்கியே இரு. நாங்க வர்றோம். இங்க ஷிஜுன்னு ஒரு பையன் உட மாட்டேங்கறான். அக்கா ஊட்டுக்காரரு பேசீட்டிருக்காரு."

போனைத் திருப்பிக் கொடுத்தார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த முகத்துக்குச் சிரிப்பு நன்றாகவே பொருந்தியது, போட்டோ எடுத்தவன்தான் சரியில்லை.

"எனக்கு ராட்டினம்னா தலை சுத்தும்" என்றாள் மௌனிகா. எங்கள் மாரியம்மன் திருவிழாவில் ஒரே ராத்திரியில் நான்கு முறை ஏறியவள். "செருப்பைக் குடுங்க, நான் கீழ நிக்கறேன். ஐஸ் வாங்கக் காசு இருக்கு." எங்கள் வீட்டிலிருந்து வந்த போனையும் அவளே எடுத்தாள். "பத்திரமா இருக்கறமுங்க பெரியப்பா. ராட்டினத்துகிட்டத்தான். நீங்க மெதுவா வாங்க."

வரிசை மிகவும் மெதுவாகப் போனது. வாசல் வரிசையில் என்றால் நான் திட்டியிருப்பேன். இப்போது அது நகரும்போதெல்லாம் ஒரு அடி வீணாகப் போன மாதிரி இருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு பேரை "முன்னாடி போங்க" என்று நான் அனுப்பினேன். அவர் கவனித்தார். அடுத்த இரண்டு பேரை அவர் அனுப்பினார்.

"ஃபேக்டரில என்ன வேலைங்க?" என்றேன்.

அவர் சொன்னார். இலை வாடுவது, உருட்டுவது, பிறகு பரப்பி வைப்பது. எப்போது எடுக்க வேண்டும் என்பது ஷிப்டுக்கு ஷிப்டு மாறும். "பச்சை வாசம் போயி, பழ வாசம் வரும்ங்க. அப்ப எடுத்தரோணும். கொஞ்சம் உட்டா புளிச்ச மாதிரி ஆயிரும்."

"ரூம் எவ்வளவு சூடு இருக்கோணும்?"

"சூடு ஆகாதுங்க. ஈரமா, குளுகுளுன்னு." சொல்லிவிட்டு நின்றார். "இதை யாரும் கேட்டதில்லீங்க. சம்பளம் எவ்வளவுன்னுதான் கேப்பாங்க."

அப்புறம் நான் லேபைப் பற்றிச் சொன்னேன். தண்ணீரில் நிறம் மாறும் அந்த ஒரு சொட்டைப் பற்றி. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. ராட்டினத்தின் படிக்கட்டு வந்தபோதுதான் நிறுத்தினேன்.

கேட்க வேண்டியதைப் பெட்டிக்குள் உட்கார்ந்து, கம்பி போட்டு மூடிய பிறகு கேட்டேன். கீழே இறங்க முடியாத இடத்தில்தான் எனக்கு வாய் வந்தது.

"கல்யாணம் ஆனா நான் வேலையை உடோணுமுங்களா?"

பெட்டி ஆடிக்கொண்டே மேலே போனது. அவர் யோசித்தார்.

"தெரியலீங்க" என்றார்.

நான் காத்திருந்தேன்.

"பக்கத்துல மூணாறுல லேபு வேலை இருக்குதான்னு எனக்குத் தெரியாது. கேக்கோணும். கெடைச்சா பாருங்க. கெடைக்காட்டி நீங்க இங்கியே வேலைக்குப் போங்க, நான் வாரா வாரம் பஸ்ல வர்றேன். எத்தனை நாளு அப்படி ஓட்டறதுன்னும் தெரியலீங்க. ஆனா உடோணும்னு சொல்ல மாட்டேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர்களை நான் லேபில்கூட அதிகம் பார்த்ததில்லை. எங்கள் சீனியர் ஒருவர் அளக்காமலேயே அளவு எழுதுவார்.

ராட்டினம் உச்சியில் நின்றது. கீழே ஆள் ஏற்றுகிறார்கள். ஒரு பக்கம் மலை, மழை மேகம் அதன் இடுப்பில். மறுபக்கம் தென்னந்தோப்பு, நெல்வயல், அதற்கு இப்பால் பார்க்கிங். அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தது.

"அது எங்க மாமா துண்டு" என்றேன்.

"அது எங்கப்பா சொட்டை" என்றார் அவர்.

இரண்டு குடும்பமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. எங்கள் காரிலிருந்த பாத்திரங்களும் அவர்கள் காரிலிருந்தவையும் வட்டத்தின் நடுவில் திறந்திருந்தன. வெளிச் சாப்பாடு கூடாது என்றதால் இரண்டு வீட்டாரும் காரிலேயே வைத்திருந்ததுதான். என் அம்மா யாருக்கோ பரிமாறினாள். பூனைப் பைக்காரக் குழந்தை வெறுங்காலோடு என் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தது. யாரும் உள்ளே வர அவசரப்படுவதாகத் தெரியவில்லை.

"இன்னொரு சுத்து சுத்துமுங்களா?" என்றார்.

"லைன்ல நிக்கோணும்."

"அதுக்குத்தான் கேட்டேன்."

இன்னொரு முறை வரிசையில் நின்றோம்.

நாங்கள் மூவரும் வெளியே வந்தபோது மூன்றரை தாண்டியிருந்தது. வழியில் ஷிஜு என் கையைப் பார்த்தார், தரணிகுமார் கையைப் பார்த்தார், கத்தரியால் பட்டையை அறுத்தார். "மூணு பேரு" என்று உள்பக்கம் சொன்னார். இரண்டு குடும்பத்தின் போக்குவரத்தையும் காலையிலிருந்து பார்த்திருந்த முகத்தில் ஒரு சின்னச் சந்தேகம் வந்து போனது.

மரத்தடியில் எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் எல்லோரும் திரும்பினார்கள்.

"நீ எங்கடா இவங்களோட?" என்றார் கமலாத்தாள்.

"லைன்ல பாத்தமுங்கம்மா. தற்செயலா."

"பக்கத்துல நிக்கறவங்க போனு" என்று கமலாத்தாள் மெதுவாகச் சொல்லிக்கொண்டார். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ஒப்புட்டு இனிப்புப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார்.

மாமாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "இப்படி ஆயிப்போச்சுங்களே. பெரியவங்க முன்னால பாக்கறதுதானுங்க முறை. இப்ப எமகண்டம் வேற. அடுத்த வெள்ளிக்கெழமை கோயில்ல வெச்சு மறுபடி ஒருக்கா பாத்தர்லாமுங்களா?"

"அதுவும் செரிதானுங்க" என்றார் பொங்கியண்ணன். அப்பா தலையசைத்தார். எல்லோரும் தேதி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் சின்னக்கானலில் இருப்பார் என்பது யாருக்கும் நினைவில்லை.

"மறுபடி பாக்க வேண்டாங்க" என்றேன். "பாத்தாச்சு. எனக்குச் சம்மதமுங்க."

அத்தனை பேர் நடுவில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் முறை. அம்மா கரண்டியை அப்படியே பிடித்திருந்தாள். மௌனிகா ஐஸை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. தரணிகுமார் அவள் பக்கத்தில் வைத்திருந்த ரோஸ் செருப்பை எடுத்து, குழந்தைக்கு மாட்டிவிடுவதுபோலக் குனிந்துகொண்டார். காது சிவந்திருந்தது.

அப்பா வாட்சைப் பார்த்தார்.

"இப்ப சொல்லாத கண்ணு. எமகண்டம். நாலரைக்கு மேல சொல்லு."

எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். மாடு, தேங்காய் விலை, சின்னக்கானல் குளிர் என்று என்னென்னவோ பேசினார்கள். அந்த விஷயத்தை மட்டும் யாரும் தொடவில்லை. மாமா எதிர்க் கடையிலிருந்து எல்லோருக்கும் டீ சொன்னார். தரணிகுமார் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். புளித்திருக்கிறது என்று அர்த்தம். நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஆமாம்.

கேட்டில் யாரோ நான்கு பேர் வெளியே வந்தார்கள். ஷிஜு நான்கு பேரை உள்ளே விட்டார்.

நாலரை ஆனது. பொங்கியண்ணனும் தன் வாட்சைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பேச்சு தானாக அடங்கியது. அப்பா தொண்டையைச் செருமினார்.

"இப்பச் சொல்லு கண்ணு."

நான் மறுபடி சொன்னேன்.